இழுத்துப் பிடித்த மூச்சு

பாதியில் இருமல் நின்றுவிட்டது.

தொண்டை வரை வந்திருந்தது. கண்ணில் நீர் முட்டி, கைக்குட்டை வாயருகே போய், பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தயாராவதையும் ஓரக்கண்ணால் பார்த்தாயிற்று. அப்புறம் ஒன்றுமில்லை. பதினோரு மாதமாக வாடகை கொடுக்காமல் நெஞ்சில் குடியிருந்த இருமல், சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துகொண்டு போய்விட்டது.

அவள் எக்ஸ்ரே அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சில், மற்றவர்களின் கோப்புகளுக்கும் முழங்கைகளுக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். வெளிநாட்டுக்குக் குடிபோகிறவர்களின் உடம்பைச் சோதித்துப் பார்க்கும் நிலையம் அது. தொற்று வியாதி எதுவும் இல்லை என்று இங்கே கையெழுத்து விழுந்தால்தான் அங்கே கதவு திறக்கும். மருந்து நெடியும், இப்போதுதான் துடைத்த தரையின் ஈர வாசமும், வெறும் வயிற்றோடு வந்தவர்களின் வாய் வாடையும் கலந்த காற்று. ஒரு மணி நேரமாக அந்த மூடிய கதவுக்குப் பின்னால் எக்ஸ்ரேக்காரரின் குரல் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தது. "நெஞ்ச பலகையோட ஒட்டி நில்லுங்க. மூச்ச நல்லா இழுங்க. பிடிங்க." ஒரு சின்ன 'டொக்'. "விடுங்க. அடுத்தவங்க." கேட்டுக் கேட்டு, பெஞ்சில் இருந்தவர்களே தங்களை அறியாமல் மூச்சை இழுத்தும் பிடித்தும் விட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

இப்போது உள்ளே இருப்பது அவளுடைய அக்கா. இழுங்க என்றது கேட்டது. பிடிங்க என்றது கேட்டது. டொக். அந்த நொடியில்தான் இருமல் நின்றது.

விடுங்க என்பது மட்டும் கேட்கவில்லை.

கதவு திறந்து அக்கா வெளியே வந்தாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. முடிந்ததா என்று கண்ணால் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். தெருவுக்கு வந்து, பேருந்து நிறுத்தம் வரை நடந்து, காதுகொடுக்க யாரும் இல்லை என்று பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மூச்ச விடச் சொல்ல மறந்துட்டாருடி அந்த ஆளு. நானும் லூசு மாதிரி பிடிச்சுக்கிட்டே நிக்கிறேன்."

"அப்புறம் எப்ப விட்டே?"

அக்கா யோசித்தாள். "விட்டிருப்பேன்ல" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். திருடிவிட்டு மாட்டாமல் வந்தவர்களின் சிரிப்பு அது. ஏனென்றால் அக்கா உள்ளே போய் நின்றது தங்கையின் பெயரில். தங்கையின் பாஸ்போர்ட், தங்கையின் கோப்பு, தங்கையின் வரிசை எண். நெஞ்சு மட்டும் அக்காவுடையது.

திட்டம் போட்டவள் தங்கைதான். வீட்டில் அவளுக்குப் பெயர் கொசு. குறைமாதத்தில் பிறந்து கைக்குள் அடங்கிக் கிடந்தவளுக்கு அக்கா வைத்த பெயர். அம்மா போன பிறகு தலை வாரிவிட்டு, பள்ளிக்கு அனுப்பி, கல்யாணமும் செய்துவைத்த பிறகும் அக்கா அந்தப் பெயரை மாற்றவில்லை. பாஸ்போர்ட்டில் இருந்த படம் எட்டு வருஷத்துக்கு முன், கல்யாணமான புதிதில் கன்னம் உப்பியிருந்தபோது எடுத்தது. இப்போது கன்னம் ஒட்டிப்போன கொசுவைவிட அந்தப் படத்துக்கு அக்காதான் பொருத்தம். "தெரியாம உன் படத்த என் பாஸ்போர்ட்டுல ஒட்டிட்டாங்கக்கா" என்று கேலி செய்யப்போய்த்தான் இந்த யோசனையே பிறந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கணவன், நாலு வயது மகள், அவள் என்று மூன்று பேருமாக இதே நிலையத்துக்கு வந்தார்கள். அவர்கள் இரண்டு பேரும் தேறினார்கள். அவளுக்கு டி.பி. என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்கள். கணவனுக்கு வேலையில் சேரத் தேதி குறித்தாகிவிட்டது. மகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனான். மூன்றாம் மாதமே அவளுக்கு இருமல் நின்று, உடம்பு தேறி, பசியெடுத்தது. மாத்திரையோ வயிற்றைப் புரட்டியது. சரியாகிவிட்டதே, இனி எதற்கு என்று நிறுத்திவிட்டாள். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இருமல் திரும்பி வந்தபோது தெரிந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னது வேறு கதை: வியாதி போய்விட்டது, பழைய தழும்பு மட்டும் இருக்கிறது, அதைப் பார்த்தால் திரும்ப முதலிலிருந்து இழுத்தடிப்பார்கள், இந்த இருமல் வெறும் தூசி ஒவ்வாமை. விசாவுக்கு இந்த மாதக் கடைசிதான் கெடு. இதுவும் போனால் மகள் அவளை மறந்தே போவாள். இப்போதே பாதி மறந்தாயிற்று.

நான்காம் நாள் நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். கொசு தனியாகப் போனாள். டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருமல் இருக்கா?"

"இல்ல டாக்டர்." நாலு நாளாக அது பொய்யும் இல்லை.

"அப்ப இது என்ன?"

விலா எலும்புகளின் வரிசை. வலது பக்கம் மேலே, கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே, வெளுத்த ஒரு திட்டு. அதைத்தான் நிழல் என்கிறார்கள். சில்லென்ற அந்த அறையில், குளிர்சாதனத்திலிருந்து எங்கேயோ தண்ணீர் சொட்டும் சத்தத்தை எண்ணிக்கொண்டே அவள் அதை உற்றுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அதற்குத் தலை வந்தது. குனிந்த முதுகு வந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு, எப்போது கூப்பிடுவார்களோ என்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஒல்லியான ஆள்.

"நல்லவேளை, கண்ணுல படற இடத்துல இருக்கு" என்றார் டாக்டரம்மா. "இதயத்துக்குப் பின்னாடி மறைஞ்சிருந்தா நேர்ல எடுக்கற படத்துல பார்த்திருக்கவே மாட்டோம். நாளையிலேருந்து மூணு நாள் காலைல வெறும் வயித்துல வந்து சளி கொடுங்க. மூணாம் நாள் இன்னொரு படம். ரெண்டும் சுத்தமா இருந்தாத்தான் என் கையெழுத்து. வீட்டுல யார் இருக்கா?"

"அக்கா மட்டும்."

"ஒரே ரூமா? தனியா படுங்க. அவங்களையும் சீக்கிரம் வந்து காட்டச் சொல்லுங்க. விட்டா ஆளையே தின்னுடும்."

அது அக்காவின் நெஞ்சு. தன் இருமலோடு பதினோரு மாதம் ஒரே அறையில், பாதி மட்டும் திறக்கும் ஒரே ஜன்னலுக்குக் கீழே படுத்த நெஞ்சு. இப்போதே சொன்னால் அக்காவுக்கு இன்றைக்கே மருந்து. சொன்னால் ஆள்மாறாட்டம் வெளியே வரும். ஜென்மத்துக்கும் விசா இல்லை. சொல்லாவிட்டால் மூன்றே நாள். தனக்குத்தான் இருமல் போய்விட்டதே, தானே சளி கொடுக்கலாம், படத்துக்கும் தானே நிற்கலாம். மூன்று நாளில் என்ன ஆகிவிடப்போகிறது? கையெழுத்து விழுந்த மறுநிமிஷம் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

இப்படித் தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டு வீட்டுப் படி ஏறினாள். கதவுக்கு இந்தப் பக்கமே கேட்டது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று.

அவளுடைய இருமல். கடைசியில் விசில் மாதிரி இழுக்கும் அந்த வால் உட்பட.

தையல் மிஷின் முன்னால், பள்ளிச் சீருடைகளின் குவியலுக்குள் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்தாள். "துணித் தூசிடி. உன்னோடது எனக்கு ஒட்டிக்கிச்சு போல. டாக்டர் என்ன சொன்னாங்க?"

"எல்லாம் சரியாத்தான் இருக்காம். சும்மா மூணு நாள் வரச் சொன்னாங்க."

"என் நெஞ்சு எப்படி இருந்துச்சு படத்துல?" என்று அக்கா குழந்தை மாதிரி ஆசையாகக் கேட்டாள்.

"கண்ணாடி மாதிரி இருந்துச்சுக்கா."

முதல் நாள் காலை நிலையத்தின் தானியங்கிக் கண்ணாடிக் கதவு அவளுக்குத் தாமதமாகத் திறந்தது. யோசித்துத் திறந்த மாதிரி. சளி எடுக்கும் இடம் கொல்லைப்பக்கம் தனியாக இருந்தது: ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு, மேலே கடகடவென்று ஒரு காற்றாடி, கீழே ஒரு குப்பைத்தொட்டி. நர்ஸ் மூடி போட்ட டப்பாவை நீட்டி, அடிநெஞ்சிலிருந்து காறித் துப்பச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். இதற்கு முன்னால் நின்றவரின் மூச்சு கண்ணாடியில் ஆவியாகப் படிந்திருந்தது. அவள் இழுத்தாள், இருமிப் பார்த்தாள், தொண்டையைச் செருமினாள். பதினோரு மாதம் போ போ என்று விரட்டிய இருமலை இன்றைக்கு வா வா என்று கெஞ்ச வேண்டியிருந்தது. வரவில்லை. எச்சிலைத் துப்பி மூடிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தாள். முன்பல் இரண்டு விழுந்திருந்தது.

"பாப்பா! எங்க, பல்லைக் காட்டு!"

மகள் திரையை உற்றுப் பார்த்தாள். "அம்மா எங்க?"

"இதோ இருக்கேன்டா."

"எங்க?" குழந்தையின் கண் அவளுக்குப் பின்னால் எதையோ தேடியது. துணி மடித்துக்கொண்டே அக்கா அந்தப் பக்கம் வந்தாள். குழந்தையின் முகம் மலர்ந்தது. "அம்மா!"

அக்கா கடகடவென்று சிரித்தாள். "பெரியம்மாடா நான். உங்கம்மா இந்த ஒல்லிக் கொசு." சிரிப்பு இருமலாக மாறியது. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. நெட்வொர்க் சரியில்லை, குழந்தைதானே, பார்த்து இரண்டு வருஷம் ஆகிறதே என்று கொசு ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒன்றும் நெஞ்சில் ஒட்டவில்லை.

இரண்டாம் நாள் கதவு அவளுக்குத் திறக்கவே இல்லை. பின்னாலேயே கோப்போடு ஒருவர் வந்தார். அவருக்குத் திறந்தது, அவரோடு ஒட்டிக்கொண்டு நுழைந்தாள். நர்ஸை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

"நேத்து கொடுத்தது சளியே இல்லம்மா, வெறும் தண்ணி. உள்ளேயிருந்து எடுங்க. நாளைக்கும் இப்படின்னா அப்புறம் நாங்க பொறுப்பில்ல."

கூண்டுக்குள் நின்று, கண்ணாடிக்கு ஒரு விரல்கடை தூரத்தில் வாயைத் திறந்து, ஹா என்று ஊதினாள். கண்ணாடி அப்படியே இருந்தது. மறுபடி ஊதினாள். துடைத்து வைத்த மாதிரி, பளிங்கு மாதிரி, ஆவியே படாமல். உள்ளங்கையை மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். காற்றாடிதான் ஓடிக்கொண்டிருந்தது. வேறு காற்று எதுவும் அங்கே இல்லை.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று தெரியாது. மத்தியானம். மிஷினை நிறுத்திவிட்டு அக்கா படுத்திருந்தாள். அசந்து தூங்கும்போதும் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. அறையில் ஒரு மூச்சுச் சத்தம்தான் கேட்டது. கொசு தன் மூச்சை எங்கே என்று தேடினாள். தேடித் தேடி, கடைசியில் குனிந்து அக்காவின் நெஞ்சில் காதை வைத்தாள்.

இதயம் அடித்தது. காற்று விசிலடித்து உள்ளே போனது. அதற்குக் கீழே, அந்தச் சத்தத்துக்கும் உள்ளே, இன்னொரு சத்தம். வெகுநேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த யாரோ காலை மாற்றிப் போட்டு உட்காரும் சத்தம்.

சட்டென்று நிமிர்ந்தாள். அக்கா கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"என்னடி?" தலையணை ஓரம் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. அக்கா அதை இன்னும் பார்க்கவில்லை.

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. அக்கா, உனக்கு டி.பி. அந்தப் படத்த நான் பார்த்தேன். உன்னை நான்தான் இப்படி ஆக்கினேன், எழுந்திரு, போகலாம். எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அந்த நேரம் பார்த்து போன் மினுங்கியது. கணவன் அனுப்பிய செய்தி. மகள் கோணல்மாணலாக வரைந்த ஒரு வீடு. வாசலில் மூன்று பேர்.

கொசு அக்காவின் சேலைத் தலைப்பின் ஓரத்தைத் தலையணை மேல் இழுத்துவிட்டு, அந்தப் பொட்டை மறைத்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. தூங்கு."

அதுதான் அவள் வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தை.

மூன்றாம் நாள் விடியும்போது அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தாள். போய்வருகிறேன் என்று கொசு சொன்னாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. காற்று இருந்தால்தானே குரல். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பேருந்தில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பெண் பையை வைத்தாள். மடிமேல். அவளைப் பார்க்காமலே.

கதவு திறக்கவில்லை. காத்திருந்தாள். யாரோ போனார்கள். கூடவே போனாள்.

கூண்டு காலியாக இல்லை. ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று. நர்ஸ் டப்பாவை வாங்கி, ஒட்டியிருந்த பெயரை வாய்விட்டுப் படித்தாள். கொசுவின் பெயர். கொசுவின் எண்.

"அப்பாடா, இன்னைக்காவது வந்துச்சே" என்றாள் நர்ஸ்.

"ஆமாம்மா" என்றாள் அக்கா.

வீட்டில் படுத்திருந்த அக்கா. கொசுவின் சேலையில். கொசுவின் கோப்போடு. கொசுவுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தாள். பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்த நர்ஸ் முகத்தையும் படத்தையும் ஒரு தடவை ஒப்பிட்டுத் தலையாட்டினாள். அச்சு அசல்.

அக்கா! அக்கா, நான் இங்க இருக்கேன்!

அக்கா திரும்பினாள். தலை வாரிவிட்ட அதே கண், ஏமாற்றத் தெரியாத கண். அவள் வழியாக அது சுவரைப் பார்த்தது. எதையோ மறந்துவிட்டு வந்தவள் மாதிரி ஒரு கணம் தயங்கினாள். அப்புறம் எக்ஸ்ரே அறைப் பக்கம் நடந்தாள்.

கொசு ஓடினாள். கதவு மூடுவதற்குள் நுழைந்தாள். இருட்டு. பலகை. எக்ஸ்ரேக்காரர் தடுப்புக்குப் பின்னால் போனார்.

"நெஞ்ச ஒட்டி நில்லுங்க."

அக்கா ஒட்டி நின்றாள்.

"மூச்ச நல்லா இழுங்க."

அக்கா இழுத்தாள். அறை முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்தது. கால் தரையை விட்டது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. கொசுவுக்கு எடையே இல்லை. இழுத்த காற்றோடு அவளும் உள்ளே போனாள்.

வெதுவெதுப்பு. ஈரம். கும்மிருட்டு. இரண்டு பக்கமும் வளைந்த கம்பிகள் மாதிரி எலும்பு. ஏற்கெனவே யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த ஒரு குழிவு. அவள் முதுகுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. வேறு எப்படியும் உட்கார இடமில்லை.

கத்தினாள். அக்காவின் தொண்டையில் அது இருமலாக ஏறியது.

"அசையாதீங்க! இருமினா படம் கெட்டுடும்" என்று வெகுதூரத்தில் எக்ஸ்ரேக்காரரின் குரல். "இந்தப் படம் சரியா வந்தாத்தான் டாக்டர் கையெழுத்துப் போடுவாங்க. வெளிநாட்டுல குழந்தை இருக்குன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமாங்க" என்றாள் அக்கா. கொசுவின் குரலில். "ஆறு வயசு. முன்பல் ரெண்டு விழுந்திருக்கு. எப்ப வருவே, எப்ப வருவேன்னு கேக்குறா."

இருட்டில் கொசு அதைக் கேட்டாள்.

வலது பக்கம் மேலே. கண்ணில் படும் இடம். இங்கே உட்கார்ந்தால் திரையில் தெரியும். தெரிந்தால் கையெழுத்து இல்லை. மகளுக்கு அம்மா இல்லை. இடது பக்கம், இருட்டில், பெரிதாக ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இடம் இருந்தது. டாக்டரம்மா சொன்ன இடம்.

எலும்பு எலும்பாகப் பிடித்து அவள் நகர்ந்தாள். அக்காவின் சதை அவளுக்கு வழிவிட்டுக் கிழிந்தது. எங்கேயோ மேலே அக்கா வலியில் முனகினாள். துடிக்கும் அந்தச் சுவருக்குப் பின்னால் தன்னைத் திணித்து, தலையைக் குனிந்து, முழங்காலை இன்னும் ஒடுக்கி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பிடிங்க" என்றார் எக்ஸ்ரேக்காரர்.

டொக்.

கொசு வாயை இறுக்கிப் பொத்தியபடி, அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

வெளியே ஒரு கதவு திறந்தது. பெஞ்சுகள் நகர்ந்தன. போன் மணி அடித்தது, அக்கா எடுத்தாள். "அம்மா!" என்று ஒரு பிஞ்சுக் குரல் கூவியது, "அம்மா, எப்பம்மா வருவே?"

"படம் சுத்தமா இருக்காம்டா கண்ணு. இதோ கெளம்பிட்டேன்."

விடுங்க என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.